சேர்ந்து ஓடினால் தூரம் தெரியாது
நாலு பேரோடு நெடுந்தூர ஓட்டம்: தம்பதிகளுக்கு ஒரு விளக்கம்



நம் ஊர்ப் பக்கம் விடிகாலையில் ரோட்டில் ஒரு ஆள் ஓடினால், பார்ப்பவர்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, "என்னப்பா, பஸ்ஸை விட்டுட்டியா?" இரண்டு, "போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியா?"

இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. போலீஸ் வேலைக்கு ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும். அதற்காகவே பல ஊர்களில் இளைஞர்கள் கண்மாய்க் கரையிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் கூட்டமாக ஓடுகிறார்கள். வேலை கிடைத்தவர் ஊரை விட்டுப் போகிறார். கிடைக்காதவர் வயது தாண்டியதும் ஓட்டத்தை விட்டுவிடுகிறார். கல்யாணம் ஆனபின் ஓட்டம் அதோடு சரி. பெண்களுக்கோ பள்ளிக்கூட விளையாட்டு விழாவோடு ஓட்டம் முடிந்து போகிறது.

இந்தப் பிரசுரம் சொல்ல வருவது இதுதான். கல்யாணம் ஆனவர்களும், பிள்ளை பெற்றவர்களும், முப்பது நாற்பதைத் தாண்டியவர்களும் ஓடலாம். அதிலும் கூட்டாளிகள் நாலு பேரோடு சேர்ந்து மெதுவாக, நெடுந்தூரம் ஓடுவதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு. உடம்புக்கு நல்லது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் சந்தோஷத்தைப் பேசுவோம்.

எது நெடுந்தூர ஓட்டம்?

நெடுந்தூர ஓட்டம் என்றதும் மூச்சிரைக்க, நாக்குத் தள்ள ஓடுவது என்று நினைக்க வேண்டாம். அது பந்தயம். நாம் சொல்வது மெது ஓட்டம். வேகம் சரிதானா என்று தெரிந்துகொள்ளக் கடிகாரம் வேண்டியதில்லை, வாய் போதும். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம், "நேத்து உங்க ஊர்ல மழை எப்படி?" என்று முழுசாக ஒரு கேள்வி கேட்க முடிந்தால் வேகம் சரி. பாதிக் கேள்வியில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓட ஆரம்பித்த பலர் ஒரே வாரத்தில் விட்டுவிடுவதற்குக் காரணம் முதல் நாளே வேகமாக ஓடுவதுதான். மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறது. "நமக்கு இது ஒத்து வராதுப்பா" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். மெதுவாக ஓடுபவருக்குத்தான் தூரம் வசப்படும்.

சேர்ந்து ஓடுவதில் என்ன சந்தோஷம்?

முதல் சந்தோஷம் பேச்சு. திண்ணையிலும் டீக்கடையிலும் முகத்தைப் பார்த்துப் பேசும்போது சில விஷயங்கள் வாயில் வராது. ஓடும்போது எல்லார் கண்ணும் ரோட்டில் இருக்கும். கடன் கவலை, மகன் படிப்பு, வீட்டில் படுத்திருக்கும் தாயாரின் சீக்கு, எல்லாம் தானாக வெளியே வரும். கேட்பவர் உடனே பதில் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. கூட ஓடி வந்தாலே போதும். மனப்பாரத்துக்கு அது பாதி மருந்து.

இரண்டாவது, தூரம் தெரியாது. தனியாக ஓடுபவர் அடுத்த மைல் கல் எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே ஓடுவார். நாலு பேராகப் போனால், பக்கத்து ஊர் பிள்ளையார் கோயில் வந்த பிறகுதான், "அட, இவ்வளவு தூரம் வந்துட்டமா?" என்று தெரியும்.

மூன்றாவது, படுக்கையை விட்டு எழ ஒரு காரணம் கிடைக்கிறது. மார்கழிக் குளிரில் யாருக்கும் எழ மனசு வராது. ஆனால், "முக்குல அண்ணன் வந்து நிப்பாரே", "மதினி காத்துக்கிட்டு இருப்பாங்களே" என்று நினைத்தால் கால் தானாகத் தரையில் இறங்கும். ராத்திரி சீக்கிரம் படுக்கவும் அதுவே காரணம். முதல் நாள் இரவு தண்ணி போட்டவருக்குக் காலை ஐந்து மணி ஓட்டம் சுகப்படாது. குடியை ஓட்டம் மட்டுமே நிறுத்திவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. காலையில் நாலு பேர் நமக்காகக் காத்திருப்பார்கள் என்ற நினைப்பு, ராத்திரி ஒரு தடவை யோசிக்க வைக்கும்.

நான்காவது, சேர்ந்து உழைத்தால் வலி குறைவாகத் தெரிகிறது. நாற்று நடும் பெண்கள் இதை ரொம்ப நாளாக அறிவார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் படகு வலிக்கும் மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். அதே உழைப்பைத் தனியாகச் செய்தபோது இருந்ததைவிட, கூட்டாகச் செய்தபோது அவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது.

ஐந்தாவது, ஓடியவருக்கு மட்டுமே தெரிந்த சுகம். முதல் பத்து நிமிடம் உடம்பு முரண்டு பண்ணும். இருபது, முப்பது நிமிடம் ஆனதும் மூச்சு ஒரு தாளத்துக்கு வந்துவிடும். உடம்பே சுரக்கும் சில பொருள்கள் வலியைக் குறைத்து மனசை லேசாக்கும். கிழக்கு வெளுக்கிறது, பனங்காட்டுக்கு மேலே கொக்குக் கூட்டம் போகிறது, பக்கத்தில் மூன்று பேருடைய காலடிச் சத்தம் ஒன்றாகக் கேட்கிறது. இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. லண்டனில் புஷி பூங்கா என்ற இடத்தில் 2004 அக்டோபர் 2-ஆம் தேதி 13 பேர் மட்டும் கூடி 5 கி.மீ. ஓடினார்கள். கட்டணம் கிடையாது, வாராவாரம் சனிக்கிழமை ஓடுவது என்று வைத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் பிறகு இருபதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. உங்கள் தெருவில் நாலு பேர் போதும்.

"பொம்பளைங்க ஓடலாமா?"

ஓடலாம். இந்தக் கேள்வி நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை. 1928 ஒலிம்பிக் பந்தயத்தில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் சிலர் களைத்துப் போனதைப் பெரிதுபடுத்தி, "பெண்ணுக்கு இது தாங்காது" என்று அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். 1960-இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். நெடுந்தூரம் ஓடினால் கர்ப்பப்பை கெட்டுப் போகும் என்று அந்த நாடுகளிலும் பயமுறுத்தினார்கள். 1967-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர மாரத்தானில் காத்ரின் சுவிட்சர் என்ற பெண் எண் அட்டை குத்திக்கொண்டு ஓடியபோது, ஒரு நிர்வாகி ஓடி வந்து அவரைப் பிடித்துத் தள்ளப் பார்த்தார். கூட ஓடிய கூட்டாளிகள் தடுத்ததால் அவர் ஓட்டத்தை முடித்தார். 1972-இல் பாஸ்டனில் பெண்களுக்கு அனுமதி கிடைத்தது. 1984 ஒலிம்பிக்கில் முதல் தடவையாகப் பெண்களுக்கு 42 கி.மீ. மாரத்தான் வைத்தார்கள்.

நம் பக்கத்தையும் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த எல். சூர்யா என்ற பெண், 2016-இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசியப் போட்டியில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார். மகாராஷ்டிரத்தில் பாராமதிப் பக்கத்து விவசாயக் கூலிப் பெண் லதா பகவான் கரே, அறுபது வயதுக்கு மேல் கணவரின் வைத்தியச் செலவுக்குப் பரிசுப் பணம் வேண்டும் என்று புடவையோடு, வெறுங்காலோடு 3 கி.மீ. பந்தயத்தில் ஓடி ஜெயித்தார். அவர் கதை 2020-இல் மராத்தி சினிமாவாகவும் வந்தது.

ஆகவே பெண்ணின் உடம்பு தடையில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு வாசல் தெளிப்பது யார்? தண்ணீர் பிடிப்பது யார்? அழும் பிள்ளையைத் தூக்குவது யார்? கணவன்மார்களே, இதற்கு விடை உங்களிடம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்ப முடியாத வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள். திங்கள், புதன், வெள்ளி ஒருவர் ஓடட்டும், மற்றவர் வீட்டைப் பார்க்கட்டும். செவ்வாய், வியாழன், சனி அடுத்தவர் முறை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து போகலாம்.

"ஊரு என்ன சொல்லும்?" என்று பயப்படும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஒருத்தி ஓடினால் ஊருக்கு அது வேடிக்கை. எட்டுப் பேர் சேர்ந்து ஓடினால் ஒரு மாதத்தில் அது ஊர் வழக்கமாகிவிடும். மகளிர் குழு ஏற்கனவே இருக்கிறது. சேமிப்புக்குக் கூடுகிற அதே பெண்கள் காலையில் மைதானத்திலும் கூடலாம். சுடிதாரும் காலுக்குப் பொருந்திய ஷூவும் இருந்தால் வசதி.

இன்னொன்று. நம் ஊரில் கணவர் நாலடி முன்னே போவார், மனைவி பின்னே போவார். கல்யாணமாகி இருபது வருஷம் ஆன தம்பதிகள் பலர் பக்கத்தில் பக்கத்தில் ஒரு மைல் தூரம்கூட நடந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் இருவரும் இணையாகப் போய்ப் பாருங்கள். வீட்டுக்குள் பேசாத பேச்சு வெளியில் வரும்.

உடம்புக்கு என்ன நன்மை?

2023-இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100 பேருக்கு 14 பேர். இது பட்டணத்து வியாதி என்ற காலம் போய்விட்டது.

ஓடும்போது கால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கின்றன. ஓடி முடித்த பிறகும் பல மணி நேரம் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. இதயம் பலப்பட்டு, ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. ரத்தக் கொதிப்பு குறைய வழி ஏற்படுகிறது. இரவில் தூக்கம் நன்றாக வரும்.

வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்போ செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. மெது ஓட்டம் கடுமையான உழைப்புக் கணக்கில் சேரும். வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி ஓடினால் 90 நிமிடம் ஆயிற்று. கணக்கு சரியாகிவிட்டது.

"ஓடினா முட்டி தேயும்" என்பார்கள். 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 100-க்கு 3 அல்லது 4 பேருக்குத்தான் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் அது 10 பேர். ஏற்கனவே முட்டி வலி உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும்.

"நாங்க தெனமும் வயல்ல கெடக்கோம், எங்களுக்கு எதுக்கு ஓட்டம்?"

நியாயமான கேள்வி. நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவருக்கும், களை எடுத்துக் குனிந்து நிமிர்ந்தவருக்கும் அன்று வேண்டியது ஓய்வு. வேலை நாளில் அவர்களை ஓடச் சொல்ல மாட்டோம். ஆனால் இப்போது உழவு டிராக்டரில், அறுப்பு மிஷினில், கடைக்குப் போவது வண்டியில். கடையில் உட்காருபவர், தையல் மிஷினில் இருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் எல்லாருக்கும் உடம்பு அசைவது குறைந்துவிட்டது. வயலில் வேலை இல்லாத மாதங்களும் வருஷத்தில் உண்டு. அந்த மாதங்களில் ஆரம்பியுங்கள். நடவும் அறுப்பும் வந்தால் ஞாயிறு ஒரு நாள் மட்டும், சந்தோஷத்துக்காக ஓடினால் போதும்.

ஆரம்பிப்பது எப்படி?

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுங்கள். ஒவ்வொரு நாளும் முதலிலும் கடைசியிலும் 5 நிமிடம் நடங்கள்.

1, 2-ஆம் வாரம்: 1 நிமிடம் மெது ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 8 தடவை.
3, 4-ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 6 தடவை.
5, 6-ஆம் வாரம்: 4 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 5 தடவை.
7, 8-ஆம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 3 தடவை.
9, 10-ஆம் வாரம்: 12 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 2 தடவை. பிறகு நடை இல்லாமல் 25 நிமிடம்.

ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் அரை கி.மீ. அரை கி.மீ. ஆகக் கூட்டிக்கொண்டே போனால், ஆறேழு மாதத்தில் 8 முதல் 10 கி.மீ. வரை போகலாம்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் போதும்: கூட்டத்தின் வேகம் கடைசி ஆளின் வேகம். வேகமாக ஓடத் தெரிந்தவர் முன்னே போனால் திரும்பி வந்து எல்லாரோடும் சேர்ந்துகொள்ள வேண்டும். கடைசியில் வருபவரைக் கேலி செய்யும் கூட்டம் நாலு வாரம் தாங்காது.

யார் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்?

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதய நோய், ஆஸ்துமா, முட்டி வலி உள்ளவர்களும், நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள். செலவில்லை. "ஓடறேனே, மாத்திரை எதுக்கு?" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்ல வேண்டியது.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் நாலு மிட்டாயோ கொஞ்சம் சர்க்கரையோ வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் உடனே நின்று அதைச் சாப்பிட வேண்டும். கூட வருபவர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கூட்டமாக ஓடுவதில் உள்ள பாதுகாப்பு இதுதான். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு ஓடக் கூடாது. காலில் பட்ட காயம் தெரியாமலே புண்ணாகிவிடும்.

நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். "வாயுப் பிடிப்பு" என்று வீட்டில் படுக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். காய்ச்சல் அன்றும் ஓட வேண்டாம்.

தாய்மார்களுக்கு: மாதவிலக்கு நாளில் உடம்புக்கு முடிந்தால் ஓடலாம், தடையில்லை. கர்ப்பமான பிறகு புதிதாக ஓட ஆரம்பிக்காமல் நடை போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பிருந்தே ஓடுபவர்கள் டாக்டரைக் கேட்டு நடக்கவும். பிரசவத்துக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் ஓட வேண்டாம். ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவர்கள் டாக்டர் சரி என்ற பிறகே ஆரம்பிக்க வேண்டும். ஓடுவதால் தாய்ப்பால் வற்றாது. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காமல் ஓடலாம். ஓடும்போது சிறுநீர் கசிந்தால் மறைக்காமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், அதற்குப் பயிற்சி உண்டு. சீக்கிரம் களைப்பும் மூச்சிரைப்பும் வந்தால் ரத்தசோகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, பயறு சாப்பாட்டில் இருக்கட்டும்.

ரோட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை

பஞ்சாப் கிராமம் ஒன்றில் பிறந்த பௌஜா சிங், மனைவியையும் ஒரு மகனையும் பறிகொடுத்த துக்கத்தில் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார். 2000-இல் லண்டன் மாரத்தானை முடித்தபோது அவருக்கு 89 வயது. அதற்குப் பிறகும் பல மாரத்தான் ஓடினார். அத்தனை தூரம் ஓடிய அந்த மனிதரை, 2025 ஜூலையில், 114-ஆவது வயதில், சொந்த ஊர் ரோட்டில் ஒரு வண்டி மோதிக் கொன்றுவிட்டது.

ஆகையால் பெரிய ரோட்டை விட்டு விலகி மைதானம், கண்மாய்க் கரை, வண்டி வராத ஊர்ப் பாதை ஆகியவற்றில் ஓடுங்கள். ரோட்டில்தான் ஓட வேண்டும் என்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி ஓடுங்கள். அங்கே பேச்சு ஆசையில் வரிசை கட்டிப் போகாமல் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். வெள்ளை அல்லது மஞ்சள் உடை போடுங்கள். இருட்டாக இருந்தால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் டார்ச் வைத்திருக்கட்டும். கோடையில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் உப்புப் போட்ட மோரோ கஞ்சித் தண்ணியோ குடிக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இன்றைக்குச் சாயங்காலம் நாலு வீட்டில் போய்ச் சொல்லுங்கள்: "நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு, பள்ளிக்கூட மைதானத்துல." இரண்டு பேர் வந்தாலும் ஆரம்பியுங்கள். மூன்றாவது ஆள் வேடிக்கை பார்க்க வருவார், நான்காவது நாள் அவரும் ஓடுவார்.

படித்து முடித்ததும் இந்தப் பிரசுரத்தை மடித்து வைக்காமல் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.